இதரக் கட்டத்தில் எழுதிய மொய்

என் கொழுந்தன் பணத்தில் ஏமாற்றியதோடு நிறுத்தியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு அதுதான் பழக்கம். சொந்தக்காரர்கள் முன்னால் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, இரண்டு வருடமாக நான் எழுதி வந்ததைக் குப்பை என்று சொல்லி அழித்தான். அதற்காகத்தான் நான் அதைச் செய்தேன். செய்ததற்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

கப்பலூரில் குழாய்த் திருகு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடம் பெட்டி கட்டினேன். கணக்குப் பார்க்கிற அம்மா ஒருமுறை பிரசவத்துக்குப் போகும்போது, "அக்கா, உங்களுக்குத்தான் எண்ணிக்கை தப்பாது" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஷீட் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எத்தனை பெட்டி, ஒரு பெட்டி என்ன விலை என்று அடித்தால் கடைசிக் கட்டம் தானாகவே பெருக்கிப் போட்டுவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெருக்கல் என்றால் இன்றும் விரல் விட்டுத்தான் எண்ணுவேன். அதனால் அந்தக் கடைசிக் கட்டத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

வேலையை விட்டு நின்றபோது கம்பெனி கொடுத்ததில் எண்பதாயிரம் மிச்சம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கொழுந்தன் பிட்காயினைக் கொண்டுவந்தான். திருமங்கலத்தில் இடம் வாங்கி விற்கிற தரகன் அவன். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவன். வெள்ளைச் சட்டையும் பெரிய போனுமாக வந்து உட்கார்ந்தான்.

"மதினி, விலை இப்ப பாதாளத்துல கெடக்கு. இப்ப வாங்கிப் போட்டாத்தான் உண்டு."

"என் பேர்ல வாங்க முடியாதா தம்பி?"

"வாங்கலாம். பேன் கார்டு, ஆதாரு, அப்புறம் உங்க மூஞ்சிய இப்படித் திருப்பி அப்படித் திருப்பி போட்டோ புடிச்சு அனுப்பணும். நீங்க கல்யாண வீட்டு போட்டோவுக்கே தூணுக்குப் பின்னால போயி நிக்கிற ஆளு. பேசாம என் பேர்லயே வாங்கிருவோம்."

அவன் சொன்னது உண்மைதான். நான் பணத்தைக் கொடுத்தேன். எங்கள் சொந்தத்தில் ஒன்பது வீடு இப்படிக் கொடுத்தது. வாடிப்பட்டியில் இருக்கிற என் நாத்தனார், அவனுடைய உடன்பிறந்த தங்கை, இரண்டு மாடு விற்ற நாற்பதாயிரத்தைக் கொடுத்தாள். ஒன்பது வீட்டுக் காயினும் அவன் ஒருவனுடைய போனில்தான் கிடந்தது.

வாங்கிய அன்றைக்குப் போனைக் காட்டினான். மேலே பெரிய எழுத்தில் எண்பதாயிரம் ரூபாய். அதன் கீழே பொடி எழுத்தில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து ஏழு. மற்றவர்கள் எல்லாரும் மேலே இருந்த ரூபாயை மட்டும் பார்த்தார்கள். நான் கீழே இருந்ததையும் பார்த்தேன். பெட்டி கட்டியவளுக்குத் தெரியும்: பெட்டி விலை தினம் மாறும், பெட்டி எண்ணிக்கை மாறாது. நம் சொத்து எண்ணிக்கைதான்.

"எல்லாருதையும் நீங்களே எழுதி வச்சுக்கங்க மதினி. உங்க வாயில இருந்து ஒரு விசயம் வெளிய போகாது" என்றான். என்னைப் பாராட்டியதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மகள் கொடுத்த பழைய போனில் ஷீட் போட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. யார், எவ்வளவு கொடுத்தார், எத்தனை காயின், இன்றைய விலை, இன்றைய மதிப்பு. காலையில் வாசல் தெளித்து முடித்ததும் போனில் அன்றைய விலையைப் பார்த்து ஒரே ஒரு கட்டத்தில் அடிப்பேன். ஒன்பது வரிசையும் தானாக மாறும். முதல் மாதங்களில் இறங்கியது. பிறகு ஏற ஆரம்பித்தது. இரண்டு பங்கு, மூன்று பங்கு. இரண்டு வருடம் முடிகிறபோது ஐந்து பங்கு. யாரிடமும் சொல்லவில்லை. பால் வாங்கப் போகும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன்.

அப்போதுதான் கொழுந்தன் ஒன்பது வீட்டாரையும் விருந்துக்கு அழைத்தான். கறிச்சோறு போட்டான். சாப்பிட்டு முடித்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு ஆளுக்கு ஒரு கவர் வைத்துக் கொடுத்தான்.

"காயினு ஏறுச்சு, எறங்குச்சு, ஒண்ணும் வெளங்கல. ஆனா என்னைய நம்பிக் குடுத்தவங்க காசு போகக் கூடாதுல்ல? குடுத்ததை அப்படியே பைசா கொறையாமத் தாரேன். எனக்கு நட்டம்னாலும் பரவாயில்ல."

எல்லாரும் உருகிப்போனார்கள். ஒரு சித்தப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எங்கள் ஆட்களுக்கு மொய் செய்தே பழக்கம். போட்டது குறையாமல் திரும்பி வந்தால் அவன் யோக்கியன். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். காயினையும் மொய் மாதிரியே நினைத்துவிட்டார்கள்.

நான் போனை எடுத்து ஷீட்டைத் திறந்து அவன் முன்னால் நீட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தம்பி, இன்னைக்கு ஒரு காயினு எழுபது லட்சம் போகுது. என்னுது மட்டும் நாலு லட்சம் வருதே."

அவன் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான்.

"இங்க பாருங்கய்யா, அஞ்சாப்பு படிச்ச மதினி எனக்குக் காயினு கணக்குச் சொல்லுது! மதினி, இது குழாய்த் திருகு எண்ணுற வேல இல்ல."

சிரித்தார்கள். நான் சமைத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். "இந்தக் குப்பையெல்லாம் வச்சுக்கிட்டுக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்று போனைப் பிடுங்கி இரண்டு தட்டுத் தட்டினான். ஷீட் மறைந்தது. போனை என் மடியில் போட்டான். அவன் மனைவி, "அக்கா, பாயாசம் வாங்கிக்கங்க" என்றாள். வாங்கிக் குடித்தேன். அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அவனுக்கு ஒன்று தெரியாது. கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அம்மா ஒருமுறை ஒரு மாதத்துக் கணக்கை அழித்துவிட்டு அழுதுகொண்டே அதைக் குப்பைத்தொட்டியிலிருந்து திரும்ப எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அழித்தது எதுவும் உடனே போய்விடாது. கொஞ்ச நாள் தொட்டியில் கிடக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்தேன். ஒன்பது வரிசையும் அப்படியே வந்தன.

மறுநாள் புதிதாக மூன்று கட்டம் சேர்த்தேன். ஒன்று வரி. லாபத்தில் நூற்றுக்கு முப்பது சர்க்காருக்குப் போகும். அதை அவன் கட்டியதாகவே வைத்து எங்கள் லாபத்தில் கழித்தேன். நாளைக்கு அதைச் சொல்லி அவன் வாயைத் திறக்க இடம் வைக்கக் கூடாது. இன்னொன்று, அவன் திருப்பிக் கொடுத்தது. கடைசிக் கட்டத்தில் மீதி. எனக்கு வரவேண்டியது இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து முந்நூறு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் தம்பிக்குப் பரிந்துதான் பேசியிருப்பார். அந்த ஒரு தொல்லை இல்லை.

வாடிப்பட்டிக்குப் போய் நாத்தனாரிடம் காட்டினேன். அவள் நாக்கு எனக்கும் சேர்த்துப் பேசும்.

"நாசமாப் போவான். என் மாட்டுக் காசு மதினி அது! வாங்க, ஸ்டேசனுக்குப் போவோம்."

"அங்க போயி என்னத்தக் காட்டுறது? எழுத்து ஒண்ணும் இல்லையே."

"அப்ப என்னதான் பண்றது? அண்ணே புது வீட்டுக்குப் பத்திரிக்கை வேற கொண்டாந்து நீட்டிட்டுப் போகுது."

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். திருமங்கலத்தை ஒட்டி மாடி வீடு. யார் காசு என்று எனக்குத் தெரியும். கீழே கடைசி வரியில், மொய் கம்ப்யூட்டரில் பதிவு செய்யப்படும் என்று போட்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் ஜெயித்த பணம்கூட வராமல் போகும். எழுதிய மொய் திரும்பாமல் போகாது. வாங்கியவன் நிலத்தை விற்றாவது, கொடுத்தவன் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுதியே ஆகவேண்டும். எழுதாதவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

நான் நினைத்ததைச் சொன்னதும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூன மாதிரி இருந்துக்கிட்டு இம்புட்டையும் எங்க மதினி வச்சிருந்தீங்க?"

புது வீட்டு விழா அன்று பந்தலில் கூட்டம். மொய் மேசையில் ஒருவர் கம்ப்யூட்டரில் அடிக்க, பக்கத்தில் இன்னொருவர் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை நீட்டினேன். கம்ப்யூட்டர்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"காசு எங்கம்மா?"

நாத்தனார் முன்னால் வந்தாள். "காசு வீட்டுக்காரர் கையில இருக்குப்பா. நீ அடி."

"அதுக்குக் கட்டம் இல்லையேக்கா. ரொக்கம், நகை, பாத்திரம், கெடா. அம்புட்டுத்தான்."

"அதுக்குக் கீழ என்னமோ போட்டுருக்கே?"

"அது இதர வகைக்கா."

"அப்ப அதுல அடி. அடுத்தது என்னுது. ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூத்தம்பது. அதையும் அதுலயே அடி."

அவர் அடித்தார். மைக்குக்காரர் தாளில் என்ன இருந்தாலும் வாசிக்கிற மனிதர். என் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "மூத்த அண்ணன் வீட்டு மொய், ரூபாய் இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து முந்நூறு, பிட்காயின் வகையில், ஏற்கெனவே வீட்டுக்காரர் கைவசம்" என்று ராகமாக வாசித்தார். பந்தியில் சோறு வாங்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொழுந்தன் ஓடிவந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுடைய மாமனார் வீட்டு ஆள் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன மாப்ள, காயினு மொய்யி? நம்மட்டச் சொல்லவே இல்ல?"

"மதினி, என்ன வெளையாட்டு இது? தம்பி, அதை அழிச்சு விடுப்பா."

கம்ப்யூட்டர்காரர் கையை எடுத்துக்கொண்டார். "அண்ணே, வந்த மொய்யை அழிக்கச் சொன்னா அந்த வீட்டு ஒறவு வேண்டாம்னு அர்த்தம். மைக்குல சொல்லிட்டு அழிக்கவா?"

புது வீட்டு வாசலில், மாமனார் வீட்டார் முன்னால், செத்துப்போன அண்ணன் வீட்டு உறவு வேண்டாம் என்று மைக்கில் சொல்ல அவனால் முடியவில்லை. மேசையிலிருந்து ரசீது வந்தது. நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பார்த்தால், அன்றைக்குக் கண் கலங்கிய சித்தப்பா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, என்னுது எம்புட்டு வருதுன்னு உன் போன்ல பாத்துச் சொல்லு" என்றார். சாயங்காலத்துக்குள் ஆறு வீடு எழுதியது. மூன்று வீட்டார், சொந்தத்துக்குள் எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் இஷ்டம்.

ரசீது கையில் இருந்தால் மட்டும் போதாது. என் வீட்டில் விசேஷம் வந்தால்தான் அவன் திருப்பி எழுதவேண்டும். "மதினி வீட்டுல இனிமே என்ன விசேசம் வரப்போகுது" என்று கொழுந்தன் டீக்கடையில் சொன்னானாம். எனக்கு ஒரே மகள். மகளுக்கு ஒரு பெண் குழந்தை. காதுகுத்து வைப்போம் என்றேன்.

"ஏம்மா, பிள்ளைக்குக் காது குத்தி ரெண்டு வருசம் ஆச்சே! நகைக்கடையிலயே குத்தியாச்சு, மறந்துட்டியா?" என்றாள் மகள்.

"அது கடையில குத்துனது. மொய் வைக்கலயே" என்றாள் நாத்தனார். "மேல ஒரு ஓட்ட போட்டாப் போச்சு."

ஓட்டை போடவில்லை. பழைய ஓட்டையிலேயே புதுத் தோட்டை மாட்டிப் பத்திரிகை அடித்தோம். முதல் பத்திரிகையைக் கொழுந்தன் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு வைத்துக் கொடுத்தேன். அவன் மனைவி வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை.

விழாவுக்கு அவன் வந்தான். பைபாஸ் பக்கம் இருந்த ஒரு மனையை விற்றுவிட்டு வந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மொய் மேசையில் கட்டுக்கட்டாக எடுத்து வைத்தான். மைக்குக்காரர் வாசித்தார்: இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து முந்நூறு. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொய்யைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்து எழுதினால்தான் உறவு தொடரும். சரியாக எழுதினால், இதோடு முடிந்தது என்று பொருள். ஒரு ரூபாய்கூட அவன் சேர்த்து எழுதவில்லை.

எழுதிவிட்டு நேரே வாசலுக்கு நடந்தான். நாத்தனார் என் முழங்கையை இடித்தாள். "அண்ணே கை நனைக்காமப் போகுது மதினி. நீங்க போயி ஒரு வார்த்தை கூப்பிட்டாத் திரும்பிரும்."

கூப்பிடுவதற்கு அவன் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். செருப்பை மாட்டுகிற சாக்கில் மெதுவாக நின்றான். திரும்பிக்கூடப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கூச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் குறை சொல்ல முடியாது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பந்தியில் அவனுக்குப் போட்டிருந்த இலையில் கறி பரிமாறி வைத்திருந்தார்கள். வீணாக்குவானேன் என்று அந்த இலையில் நான் உட்கார்ந்தேன். கறி பூப்போல வெந்திருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.