காட்டுமிளகோடு சண்டை போட்ட ஆண்டுகள்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் இணைய மன்றத்தில் 'காட்டுமிளகு' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. அந்தப் பெயரில் வரும் பதிவுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட வாதங்கள் இருக்கும். இதில் எண்களே இல்லை.

"நான் அவர் ஊட்டுக்காரி லூர்துமேரி எழுதறேனுங்க. இன்னைக்கு விடியக்காலம் அவருக்கு நெஞ்சு வலி வந்து தவறிட்டாருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். இனிமே அவர் பதில் எழுத மாட்டாருங்க. அதுக்காக ஆரும் செயிச்சுட்டதா நெனச்சுக்க வேண்டாமுங்க."

சேலத்தில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அதைப் படித்தேன். கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் கடைசி வரிக்கு வந்தபோது என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். 'காட்டுமிளகு' அந்தோணிராஜ் அவர்களின் மறைவுச் செய்தியில்கூட ஒரு வாதம் இருந்தது. அவருடைய மனைவிதான் அவருக்காக அதை முன்வைத்திருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தோணிராஜ் ஏற்காட்டு மலையில், வாழவந்திக்கு மேலே உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆள் வருகையைக் குறிப்பது, மூட்டைகளை எடை பார்ப்பது, லாரி வரும்போது கையெழுத்து வாங்குவது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். எஸ்டேட் ஆபீசுக்கு முதல் கணினி வந்தபோது அதைத் தொடத் துணிந்த ஒரே ஆள் அவர்தானாம். அதில் இருந்த சீட்டாட்டத்தில் தொடங்கிய ஆர்வம், கணினி விளையாட்டுகள், கைப்பேசிகள், மென்பொருள் உரிமைகள் என்று வளர்ந்து அவரை எங்கள் மன்றத்தில் கொண்டுவந்து சேர்த்தது. மன்றம் என்பது தொழில்நுட்பத்தையும் விளையாட்டுகளையும் பற்றித் தமிழில் சண்டை போடுகிற சில நூறு பேர் கூடும் இடம். அங்கே அவரைப் போல நீளமாக எழுதியவர் யாரும் இல்லை. மதிய உணவு இடைவேளையில், எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஒற்றைக் கட்டைவிரலால் அத்தனையையும் தட்டினார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அவருடைய விளையாட்டு விமர்சனங்களுக்கென்றே வாசகர்கள் இருந்தார்கள். உலகமே கொண்டாடிய ஒரு பண்ணை விளையாட்டைப் பற்றி இப்படி எழுதினார்: "ஒன்று. இதுல காப்பி பத்து நிமிசத்துல பழுக்குது. இரண்டு. பழுத்த காப்பியைப் பறிக்க ஆளே வேண்டாமாம், விரலை வெச்சாப் போதுமாம். மூன்று. இதைச் செஞ்சவரு ஒரு வாரம் எங்க எஸ்டேட்டுக்கு வந்து போகோணும். சாப்பாடு நான் போடறேன்." கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் பற்றி: "கொண்டை ஊசி வளைவுல ஆரன் அடிக்காமத் திரும்பறவனுக்கு இவங்க கப்பு குடுக்கறாங்க. எங்க மலையில அவனுக்கு மாவுக்கட்டுதான் கெடைக்கும்."

எனக்கும் அவருக்கும் ஏற்பட்ட அறிமுகம் இவ்வளவு இனிமையானதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் தோழி தமிழ்ச்செல்வியும் வேலையை விட்டுவிட்டு, 'மடை' என்ற சிறிய கணினி விளையாட்டைச் செய்து வெளியிட்டோம். மடைகளைத் திறந்தும் அடைத்தும் கடைசி வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். திருட்டுப் பிரதிக்குப் பயந்து அதில் ஒரு பூட்டு வைத்திருந்தோம். விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது இணையம் வழியாக எங்களிடம் அனுமதி கேட்கும்.

இரண்டாவது வாரமே அந்தப் பூட்டை உடைத்த பிரதி மன்றத்தில் கிடந்தது. போட்டவர் காட்டுமிளகு. கோபத்தில் 'திருடன்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் நான் எழுதினேன். பதில் உடனே வந்தது.

"ஒன்று. நான் வாங்கித்தானுங்க வெளையாடறேன், ரசீதைக் கீழே வெச்சிருக்கேன், பாத்துக்குங்க. இரண்டு. வாங்குன பொருளைத் தொடறதுக்கு ஒவ்வொரு தடவையும் உங்க வாசல்ல வந்து நிக்கோணுமாங்க? மூன்று. மழை புடிச்சா எங்க ஊருல நாலு நாளைக்கு நெட்டு வராது. அந்த நாலு நாளும் நான் உங்க கண்ணுக்குத் திருடனாங்க?"

சண்டை மூன்று நாள் நடந்தது. மன்றத்தில் பாதிப்பேர் அவர் பக்கம், மீதிப்பேர் என் பக்கம். இரண்டாம் நாள், அவர் பக்கத்து ஆள் ஒருவர் நான் பெண் என்பதை வைத்துக் கேவலமாக ஒரு வரி எழுதினார். அடுத்து நடந்ததை மன்றத்தில் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தோணிராஜ் எங்கள் விவாதத்தைப் பாதியில் நிறுத்தினார். "தம்பி, கருத்தோட சண்டை போடு, ஆளோட போடாதே. நீ மன்னிப்புக் கேக்கற வரைக்கும் நான் அந்த மேடம் கட்சி" என்று அறிவித்தார். அறிவித்ததோடு நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் என் தரப்பை எடுத்து வாதாடினார். பழம் பறித்தவருக்குக் கூலி கொடுக்காமல் காப்பி குடிப்பதும், விளையாட்டுச் செய்தவருக்குக் காசு கொடுக்காமல் விளையாடுவதும் ஒன்றுதான் என்று ஒன்பது எண்களில் எழுதினார். எனக்கே தோன்றாத நியாயங்கள் அதில் இருந்தன. கடைசியில் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நிமிடம் காட்டுமிளகின் பதிவு: "சரிங்க மேடம், இப்ப நம்ம சண்டைக்கு வருவோம். நான் மேலே சொன்ன ஒன்பதும் தப்பு. ஏன்னு சொல்றேன்."

அந்த ஒன்பதையும் அவரே உடைத்தும் காட்டினார்.

ஆனால் நடந்த நஷ்டம் உண்மையானது. உடைத்த பிரதி மன்றத்தைத் தாண்டி எங்கெங்கோ பரவியது. விற்பனை நின்றுபோனது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த தமிழ்ச்செல்வி, "எனக்கு ஊட்டுல சமாளிக்க முடியலடீ" என்று அழுதுவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், இந்த மனிதரை நேரில் பார்த்துக் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். 'நாளைக்கு ஏற்காடு வருகிறேன்' என்று செய்தி அனுப்பினேன். 'வாங்க. ஒண்டிக்கடையில பத்து மணிக்கு நிக்கறேன். கருப்புக் குடை' என்று பதில் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒண்டிக்கடை ரவுண்டானாவில் தூறல். கருப்புக் குடையின் கீழ் இரண்டு பேர் நின்றார்கள்.

"ஏனுங்க மேடம், நான்தான் அந்தோணிராஜ். இவங்க ஊட்டுக்காரி. சண்டை நாயமா நடக்கோணும்னு கூட்டியாந்தேன்."

டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சைத் தொடங்குவதற்குள் லூர்துமேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தண்ணி ஆட்டம் நீங்க செஞ்சதாங்க? நான் நொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். நாப்பத்திரெண்டாவது லெவல்ல கடைசி வயலுக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குதுங்க. பதினோரு நாளாப் பாக்கறேன்."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. 'மடை'யை வாங்கியது அவர், விளையாடியது மனைவி. மழையில் இணையம் போனபோது அக்கா திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைக் கண்டுதான் அவர் பூட்டை உடைத்திருக்கிறார். நான் மடிக்கணினியைத் திறந்து அந்த லெவலைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. ஒரு மடையை நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். அதை யாராலும் முடித்திருக்க முடியாது. நாங்கள் செய்த விளையாட்டை ஒருவர் பதினோரு நாள் விடாமல் விளையாடியிருக்கிறார் என்பதை, அவர் முகத்தைப் பார்த்தபடி அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன்.

"எங்க தப்புதாங்க்கா" என்றேன்.

"பாத்தீங்களா, நான் அப்பவே சொல்லல?" என்று அக்கா கணவரைப் பார்த்தார். "எனக்குக் கூறு பத்தலைன்னாரு இவரு."

சிரித்தபடியே நான் சண்டைக்குத் திரும்பினேன். ஆனால் தமிழ்ச்செல்வி போனதைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது விளையாட்டு பாதியில் நிற்பதையும் சொன்னேன். அந்தோணிராஜ் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். "இவ ஆட்டம் நின்னுபோச்சேன்னுதான் நெனச்சேன். மத்தவங்களுக்கும் ஒதவட்டும்னு மன்றத்துல போட்டேன். அது ஊரு முழுக்க ஓசியில போகும்னு நெனக்கல." நிறுத்தினார். "இல்லீங்க, பொய் சொல்லக் கூடாது. நெனச்சிருக்கோணும். பூட்டை ஒடச்சது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். கதவைத் தொறந்து போட்டுட்டு வந்தது என் தப்பு."

"பூட்டு வெச்சது என் தப்பு" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பூட்டை ஒடச்சதும் தப்புதான்" என்றேன். அவர் முகம் உடனே மலர்ந்துவிட்டது. "அப்படி வாங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு மணி வரை பேசினோம். அக்கா நடுவில் எழுந்து போய் காய்கறி வாங்கி வந்தார்.

அன்று மாலையே அவர் பிரதியை மன்றத்திலிருந்து எடுத்துவிட்டு, தன் தவறு எது, எது தவறல்ல என்று பொதுவில் எழுதினார். நானும் அடுத்த மாதம் பூட்டை எடுத்துவிட்டு, நாற்பத்திரண்டாவது லெவலைத் திருத்தி, புதிய பதிப்பு வெளியிட்டேன். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. மன்றத்தில் எவராவது "மடை ஓசியில் கிடைக்குமா?" என்று கேட்டால் போதும், காட்டுமிளகு வந்துவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினைந்து வரை போகும். கேட்டவர் மறுத்தால் பதினாறிலிருந்து தொடரும். அவருக்குப் பதில் சொல்லி மாள்வதைவிட விளையாட்டை வாங்கிவிடுவது சுலபம் என்று பலர் வாங்கினார்கள். ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "வாங்கிவிட்டேன். தயவுசெய்து அவரை நிறுத்தச் சொல்லுங்கள்." மறு வருடம் தமிழ்ச்செல்வி திரும்பி வந்தாள். இரண்டாவது விளையாட்டையும் முடித்தோம்.

எங்களுக்கு உதவினார் என்பதற்காக எங்களை அவர் விட்டுவைக்கவில்லை. அந்த இரண்டாவது விளையாட்டுக்கு வந்த முதல் எதிர்மறை விமர்சனம் அவருடையதுதான். "சினேகிதம் வேற, விமர்சனம் வேற" என்பது அதன் முதல் எண். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாவது நாள் அக்கா போன் செய்து, "ஏங்கண்ணு, அவரு சோறு தண்ணி எறங்காமக் கெடக்கறாரு, ஒரு சண்டையாவது போடு" என்றார். போட்டேன்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மன்றத்தின் முகமே மாறியது. ஒருமுறை அவரோடு வாதாடிக் களைத்த ஒருவர், இயந்திரத்திடம் சொல்லி ஒரு பதிலை எழுதவைத்துப் போட்டார். இலக்கணப் பிழை இல்லாத, பணிவான பதில். அந்தோணிராஜ் அதற்கு எண்ணிடாமல் எழுதினார்: "இதுல கோவமே இல்லீங்களே. நீங்க எங்க போனீங்க? உங்களோடதான் நான் பேசிட்டிருந்தேன்." அந்த நபர் வெட்கப்பட்டுத் தன் சொந்தக் கோபத்தோடு திரும்பி வந்தார். இருவரும் அந்த வாரம் முழுவதும் மகிழ்ச்சியாகச் சண்டை போட்டார்கள்.

சென்ற ஆண்டு அவருக்கு இதயத்தில் பிரச்சினை என்று தெரிந்து சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது கையில் ஊசியோடு கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "டாக்டரு சண்டை போடக் கூடாதுங்கறாரு. டைப் அடிக்கலாமான்னு கேட்டேன். அதுக்கு அவரால பதில் சொல்ல முடியலீங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல், "மேடம், எனக்கு மன்றத்துல எதிரியே கெடையாது. எதிர்க்கட்சிதான் உண்டு. அதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிருங்க" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லி அப்போது தட்டிக்கழித்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு மன்றத்திலிருந்து என்னையும் சேர்த்துப் பதினேழு பேர் வந்திருந்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மாதா கோயில் வாசலில், "நீங்கதான் நீலக்கருவாடுங்களா?" "ஆமாங்க, நீங்க?" "பழையசோறு" என்று தாழ்ந்த குரலில் அறிமுகம் செய்துகொண்டோம். எங்களைக் கடந்து உள்ளே போன எஸ்டேட் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருகாலத்தில் என்னைப் பற்றிக் கேவலமாக எழுதி மன்னிப்புக் கேட்டவரும் வந்திருந்தார். பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அடக்கம் முடிந்து வீட்டு முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நீலக்கருவாடு மெல்ல ஆரம்பித்தார். அண்ணன் வாங்கி வைத்த விளையாட்டுகளெல்லாம் இனி என்ன ஆகும்? விளையாட்டு விற்கும் தளங்களின் விதிப்படி கணக்கு அவரோடு முடிந்தது, மனைவிக்குச் சேராது. பழையசோறு காப்பியைக் கீழே வைத்தார். "அதெப்படிங்க? வாங்குன கட்டிலு அவங்களுக்குச் சேரும், வாங்குன ஆட்டம் சேராதா?" இன்னொருவர், அது வாங்கியதே அல்ல, வாடகைதான் என்றார். நான் சும்மா இருக்க முயன்றேன். முடியவில்லை. கால்மணி நேரத்தில் பதினேழு பேரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தோம். கை நீட்டி, விரல் மடக்கி, ஒன்று, இரண்டு, மூன்று.

சத்தம் கேட்டுச் சாலையில் போன பங்குத்தந்தை பதறிப்போய் வாசலுக்கு வந்துவிட்டார். "என்னம்மா லூர்து, துக்க வீட்டில் என்ன தகராறு?"

அக்கா காப்பித் தட்டோடு எங்களுக்கு நடுவே நின்றிருந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அதில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"தகராறு இல்லீங்க ஃபாதர்" என்றார். "அவரோட சினேகிதங்க. பேசட்டும், உட்டுருங்க."

அந்தோணிராஜ் அவர்களே, உங்களுக்கு விடை கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்கவில்லை.