பூஜாவுக்கு எத்தனை வயது

கடலூரில் ஒரு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் சவரிமேரி. நாற்பது வயது. கை முறிந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், இருமல் நிற்காதவர்கள் என்று நாளுக்கு எழுபது பேராவது வருவார்கள். "மூச்ச இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க, இப்ப வுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொள்வாள். யார் முகமும் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. வயதை உறுதிசெய்யச் சொல்லி குழந்தைகள் நலக் குழுவிலிருந்து அனுப்பப்படும் பிள்ளைகளின் முகங்கள் மட்டும் நின்றுவிடும்.

போன ஆடி மாதத்தில் அப்படித்தான் பூஜா வந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு இறால் உரிக்கும் கொட்டகையில் சோதனை நடந்தபோது சிக்கிய பிள்ளை. கூடவே அவள் அம்மா மலர்க்கொடியும், காவலுக்கு ஒரு பெண் போலீசும் வந்திருந்தார்கள்.

"பேரு?"

"பூஜா."

"வயசு?"

"பதினஞ்சு."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சவரிமேரி எழுதுவதை நிறுத்தினாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பதினோரு வயதில் அவளும் இதே ஊரில், இதே மாதிரி ஒரு கொட்டகையில், விடியற்காலை நான்கு மணிக்குப் போய் ஐஸ் தண்ணீரில் கை விட்டு இறால் உரித்தவள். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்ட வருடம் அது. அதிகாரிகள் வந்தால் பதினைந்து என்று சொல்லவேண்டும் என்று மேஸ்திரி வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுப்பான். ஒருநாள் அதிகாரி வந்தார், கேட்டார், சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் விரல் நுனிகளில் சீழ் பிடித்து, கொட்டகையிலேயே வேண்டாம் என்று அனுப்பும்வரை இன்னும் இரண்டு வருடம் அங்கேதான் இருந்தாள். வேலைக்குப் போன பிள்ளைகளுக்கென்று அப்போது திறந்திருந்த சிறப்புப் பள்ளியில் பதிமூன்று வயதில் சேர்ந்து, எப்படியோ முட்டி மோதி மேலே வந்தாள்.

பூஜாவை உள்ளே அழைத்து, இடது கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. கருவியைச் சரிசெய்யும்போது பின்னால் முணுமுணுப்பு கேட்டது. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "கர்ப்... கர்ப்பிணிப் பெண்கள் முன்கூட்டியே தெரி... தெரிவிக்கவும்."

குழு அனுப்பிய கடிதத்தில் 'பள்ளி சென்றதில்லை' என்று இருந்தது. அம்மா சொல்லி எழுதியது.

"எந்த ஸ்கூல்ல படிச்ச?"

பூஜா கதவைப் பார்த்தாள். அம்மா வெளியே இருந்தாள். "குமராட்சிக்கு அந்தாண்ட. அமராவதி டீச்சர். மூணாவது படிக்கறப்ப கொரோனான்னு மூடிட்டாங்க. அப்பறம் நாங்க செங்கல் சூளைக்குப் போயிட்டோம்" என்றவள், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

படங்களைப் பார்த்த டாக்டர் மணிவண்ணன் இளைஞர். பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களையும் எண்ணிப் பார்த்தார். அவள் போனதும் நாற்காலியில் சாய்ந்தார்.

"பன்னண்டுல இருந்து பதினாலுக்குள்ளன்னுதான் எழுத முடியும் சிஸ்டர். சோறு சரியா இல்லாத புள்ளைங்க எலும்பு வயசைக் கொறச்சுத்தான் காட்டும்."

"பதினாலு ஆவலன்னா மொதலாளி மேல கேசு. ஆயிடுச்சுன்னா?"

"ஆயிருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலே மொதலாளியோட வக்கீல் பேசுவாரு. பேசித்தான் வெளிய வருவாங்க." கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு தெரியுமா? இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இதேதான். பஞ்சாலையில ஒம்பது வயசுக்குக் கீழ சேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. ஆனா பொறந்த தேதி யார்கிட்டயும் இல்ல. டாக்டருங்க உயரத்தப் பாத்து சர்டிபிகேட் குடுத்தாங்க. அப்பறம் ஒரு பல் டாக்டர் ஆயிரம் புள்ளைங்க வாயைப் பாத்துட்டு, பல்லை வச்சு சொல்றதுதான் சரின்னு எழுதுனாரு."

"அங்கயும் அம்மாக்காரங்க பொய் சொன்னாங்களா?"

"சொல்லாம? பெரிய புள்ளைய டாக்டர்கிட்ட காட்டி சீட்டு வாங்கிட்டு, சின்னத வேலைக்கு அனுப்பிருக்காங்க."

"எப்படி நின்னுச்சு அது?"

"பொறப்பைப் பதிஞ்சாங்க. பள்ளிக்கூடம் கட்டாயம்னு ஆச்சு. பெரியவங்க கூலி ஏறுச்சு. எல்லாம் சேர நூறு வருஷம் பக்கம் ஆச்சு."

சவரிமேரி வெளியே வந்தபோது மலர்க்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பதினஞ்சுன்னே போடச் சொல்லுங்கக்கா. வூட்டுக்காரரு இல்ல. சின்னவன் ஒருத்தன் இருக்கான். என் ஒருத்தி கையால எவ்ளோ உரிக்க முடியும்?"

"நான் படம் மட்டுந்தாம்மா எடுக்கறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதில் சொன்னாள், சீட்டு வாங்கினாள், ஒருவருக்கு இடது காலுக்குப் பதில் வலது காலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். வீட்டில் அவள் கணவர் ஞானராஜ், "இன்னாத்துக்கு இப்படி உள்ளயும் வெளியயும் நடந்துட்டே கெடக்குற?" என்று கேட்டார். அவளுக்கு அந்தப் பஞ்சாலைகளின் வாசலில் பிள்ளையோடு நின்ற அம்மாக்களை நினைத்தால் மலர்க்கொடியின் முகம்தான் வந்தது. டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அவர்களிடம் பிறந்த தேதி இல்லை. நம்மிடம் இருக்கிறது. எங்கோ ஒரு நோட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். திறந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்து மினி பஸ். வழியெல்லாம், இது என் வேலை இல்லையே, திரும்பிவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. குமராட்சியில் இறங்கி மூன்று பள்ளிகளில் விசாரித்து, நான்காவதில் அமராவதி டீச்சரைக் கண்டுபிடித்தாள். பூஜா என்றதும் டீச்சருக்கு உடனே பிடிபடவில்லை. மலர்க்கொடி பெயரைச் சொன்னதும் எழுந்து பீரோவைத் திறந்தார். சேர்க்கைப் பதிவேட்டில், 2017ஆம் வருடப் பக்கத்தில் இருந்தது. பிறந்த தேதி 2012 மே. பன்னிரண்டு வயது.

"உங்ககிட்ட இதைக் குடுக்க முடியாதுங்க. கமிட்டியிலேர்ந்து லெட்டர் வந்தா குடுப்பேன்" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடம் தொறந்தப்ப அந்த வூட்டுக்கு ரெண்டு தடவ போனேன். பூட்டியிருந்தது. மூணாவது தடவ போவல" என்றார்.

அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று சவரிமேரி குழுவின் அலுவலகத்துக்கு போன் செய்தாள். பள்ளிச் சான்று கிடைத்துவிட்டால் எலும்புப் படத்துக்கு வேலையில்லை. பத்து நாளில் வந்தது. கொட்டகை முதலாளிமேல் வழக்குப் பதிவாயிற்று. பூஜாவை கீரப்பாளையம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

செய்தி தெரிந்த அன்றே மலர்க்கொடி ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றவர்கள் முன்னால் கத்தினாள். "உன்ன யாரு போயி தோண்டச் சொன்னா? எம் புள்ளயப் பிரிச்சு இன்னா சொகத்தக் கண்ட?" பெண் போலீஸ் வந்து அழைத்துப்போகும்வரை சவரிமேரி எதிரிலேயே நின்றாள். தானும் கொட்டகையில் இருந்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? ஞானராஜிடம் சொல்லி, அவர் வேலை பார்க்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் உதவிக்கு ஆள் வேண்டுமா என்று விசாரிக்கச் சொன்னாள். இடம் இல்லை என்றார்கள். மலர்க்கொடி இன்னும் இறால்தான் உரிக்கிறாள், வேறொரு கொட்டகையில்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிமேரி விடுதிக்குப் போனாள். பூஜா முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடப் படிப்பதெல்லாம் பொடிசுகள், தன்னைப் பெரிசு என்று கேலி செய்கிறார்கள், தம்பி ஞாபகம் ஜாஸ்தியாக வருகிறது, கணக்கு வரவில்லை என்றாள்.

"போயிடலாம்னு தோணுதா?"

"தெனமும் தோணுது."

"எனக்கும் தோணுச்சு. ஒரு தடவ சுவர் ஏறிக் குதிச்சு ஓடிட்டேன்."

பூஜா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம்?"

"பசிச்சுது. திரும்பி வந்துட்டேன்."

அவள் சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. கணக்கு நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னக் கணக்கு சவரிமேரிக்கே மறந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நான்கு கணக்கு போட்டார்கள். அதில் இரண்டு தப்பு என்று விடுதி டீச்சர் சொன்னார்.

போன மாதம் ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். ஐந்து பேரும் பதினைந்து என்றார்கள். சவரிமேரி கருவியை அணைத்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு முதல் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வயசு இருக்கட்டும். ஒண்ணாவது எந்த ஊர்ல படிச்ச? டீச்சர் பேரு இன்னா?"