முங்கி அக்காவின் இடது காது

எங்கள் மீன் காட்சியகத்தின் நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே கடல் தண்ணீர், நாலு சுறா, ஆறு திருக்கை, எண்ணப் பொறுமை இல்லாத அளவுக்குச் சில்லறை மீன்கள், அப்புறம் முங்கி அக்கா. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு முறை இறங்குவாள். மீன்களுக்குத் தீனி போடுவாள், கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்ப்பாள், வெளியே நிற்கிற குழந்தைகளுக்குக் கையசைப்பாள். முங்கி என்பது மாமியார் வைத்த பெயர். வீட்டில் வேலை என்று வந்தால் ஆள் முங்கிவிடுவாள் என்ற பொருளில் வைத்தது. பிழைப்புக்கும் பொருந்திப்போனதால் அதுவே நிலைத்துவிட்டது. நான் தொட்டிக்கு வெளியே மைக் பிடித்துப் பேசுகிறவன். நனையாத வேலை.

அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. சுறாவுக்குப் பயமில்லை, மேனேஜருக்குப் பயமில்லை, மாமியாருக்கு மட்டும் கொஞ்சம். ஒரே ஒரு பலவீனம் உண்டு. காது குடைவாள். சும்மா குடைவது இல்லை; கண் சொருகி, வாய் லேசாகத் திறந்து, ஒரு காலை நீட்டி, உலகத்தையே மறந்து குடைவாள். கொண்டை ஊசி, தீக்குச்சி, பேனா மூடி, ஸ்கூட்டர் சாவி என்று எதையும் ஒதுக்கியதில்லை. "வீட்டுச் சாவி ஒரு மாதிரி சுகம், ஸ்கூட்டர் சாவி வேற மாதிரி சுகம்" என்று எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறாள்.

மாதம் ஒரு முறை இடது காது வீங்கும். மஞ்சளாக நீர் வடியும். காது மடலைத் தொட்டால் அலறுவாள், சாப்பாட்டை மென்றால் முனகுவாள். மாமியார் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். பஸ் ஓட்டும் கணவர் காதில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். மேனேஜர் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கச் சொன்னார். காது யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் வந்தது. அன்று நல்ல கூட்டம். அக்காவுக்கு முகம் முழுவதையும் மூடும் முகமூடி, அதற்குள் மைக், காதருகே ஸ்பீக்கர். பார்க்க வந்தவர்கள் கேட்பதை நான் மைக்கில் சொல்ல, அவள் தண்ணீருக்கு உள்ளிருந்தே பதில் சொல்வாள். அந்த ஸ்பீக்கர் இடது காதுப் பக்கம் இருந்தது. அந்தக் காது அன்று காலையிலிருந்தே அடைத்துக் கிடக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய சுறாவை நாங்கள் மரியாதையாக ஐயா என்போம். முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி கேட்டதை நான் அப்படியே கேட்டேன்.

"அக்கா, ஐயாவுக்கு எத்தனை பல்லு?"

"ரெண்டு பிள்ளை. மூத்தது படிக்குது. சின்னது படிக்கிற மாதிரி நடிக்குது."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்து, அடுத்த கேள்விக்குத் தாவினேன். "ஐயா கடிப்பாரா?"

"தினமும் குடிக்க மாட்டாரு. சம்பளம் வந்த அன்னிக்கு மட்டும்தான். குடிச்சா அழுவாரு."

அவள் தன் வீட்டு ஐயாவைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிந்தது; அதற்கு மேல் ஐயா பக்கமே நான் போகவில்லை. ஆனால் யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். மறுநாள் காலை அவள் கணவர் பஸ்ஸை எடுக்கும்போது, ஏறிய ஆட்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்து, "இன்னிக்கு சம்பளமா அண்ணே?" என்று விசாரித்திருக்கிறார்கள். அவர் மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. அவர் பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

மேனேஜர் என்னையும் கூட அனுப்பி, அக்காவைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொன்னார். டாக்டரம்மா ஒல்லியானவர், சிரிக்காதவர்.

"எதை விட்டுக் குடைவீங்க?"

"நானா? குடையறதே இல்லையே டாக்டர்."

டாக்டரம்மா விளக்கு வைத்த சின்னக் குழாயைக் காதுக்குள் விட்டு அரை நிமிடம் பார்த்தார். "அப்ப உள்ள நீல மை எப்படி வந்துச்சு? காதுல பரீட்சை எழுதினீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்புறம் டாக்டரம்மா திட்டத் தொடங்கினார். "அழுக்குன்னு தோண்டி எடுக்கறீங்களே, அது மெழுகு. தண்ணி உள்ள தங்காம இருக்க உடம்பு பூசி வச்சது. அதைச் சுரண்டிட்டீங்க. சாவியால தோலையும் கீறிட்டீங்க. அப்புறம் நாள் முழுக்க தண்ணில ஊற வச்சா என்ன ஆகும்? கிருமி குடும்பத்தோட வந்து தங்கும். சரி, தலைக்கு ஒரு ரப்பர் முக்காடு போடுவீங்களே, அதை யார் துவைப்பா?"

தொட்டியில் இறங்குகிற நாலு பேருக்கு மூன்று முக்காடு. ஈரத்தோடு ஒருவர் கழற்றினால் இன்னொருவர் மாட்டிக்கொள்வார். அதைத் துவைக்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதே கிடையாது.

"காதை நல்லா அடைச்சுக்கிட்டு இறங்கினா சரியாகுமா டாக்டர்?"

"அந்த யோசனை சொன்னவரை இங்க கூட்டிட்டு வாங்க. ஆழத்துல அழுத்தம் அடைப்பை உள்ள தள்ளும். செவிப்பறையே போயிடும்."

டாக்டரம்மா சொட்டு மருந்தோடு விட்டுவிடவில்லை. பத்து நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார். காதுக்குள் சுண்டு விரல்கூடப் போகக் கூடாது என்றார். அக்காவுக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் தண்டனையாக இருந்தது.

அந்தப் பத்து நாளும் அவளைக் காட்சியகத்துப் பொம்மைக் கடையில் உட்கார வைத்தார்கள். சிகரெட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் எல்லாம் இவளுக்கு முன்னால் சும்மா. ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கணவரின் பஸ்ஸிலேயே வந்து போனாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது, துணிச் சுறாவின் வால்நுனி மெதுவாக அவள் காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா!"

"விலை பார்த்தேன்டா" என்று சுறாவை அலமாரியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

திரும்ப வேலைக்கு வந்தபோது ஆள் மாறியிருந்தாள். டாக்டரம்மா இன்னொரு முறை பார்த்து, செவிப்பறை முழுசாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, வினிகரும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்த சொட்டுக் குப்பி ஒன்றைக் கொடுத்திருந்தார். தொட்டியிலிருந்து ஏறியதும் அக்கா நல்ல தண்ணீரில் காதைக் கழுவுவாள். தலையைச் சாய்த்து, மடலை இழுத்து, நொண்டியாட்டம் ஆடுவதுபோல் குதித்து, உள்ளே இருப்பதை வடிய விடுவாள். மேலாகத் துண்டால் ஒற்றி, முடி உலர்த்தும் மெஷினைக் குறைந்த சூட்டில் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பாள். அப்புறம் பெஞ்சில் படுத்து, இந்தக் காதில் சொட்டு விட்டு ஐந்து நிமிடம், அந்தக் காதில் ஐந்து நிமிடம். தனக்கென்று ஒரு முக்காடு வாங்கி, அதைத் தினமும் அலசிக் காயப்போட்டாள்.

உடை மாற்றும் அறையில் இதைப் பார்த்து அதிகம் சிரித்தவர் நங்கூரம். அவரும் தொட்டியில் இறங்குகிறவர்தான். உடம்பு கனத்தில் கல் போல இறங்குவதால் அந்தப் பெயர்.

"என்ன முங்கி, மீன் வறுக்க ஊற வச்ச மாதிரி நாறுற?" என்பார்.

மூன்று மாதம் போனது. அக்காவின் காது ஒரு முறைகூட வீங்கவில்லை. ஒரு நாள் நங்கூரம் பெஞ்சுப் பக்கம் வந்து நின்றார்.

"எனக்கும் ரெண்டு சொட்டு விடேன். இடது காது அரிக்குது."

"உனக்கு செவிப்பறை முழுசா இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"யாரு பார்த்தா?"

"நானே பார்த்தேன்."

"உன் காதுக்குள்ள நீயே எட்டிப் பார்த்தியா? கழுத்து ஸ்பிரிங்கா?"

அவர் குப்பியைப் பிடுங்க வந்தார். அக்கா அதை நீச்சலுடைக்குள் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, "இப்ப எடுத்துக்கோ, பார்ப்போம்" என்றாள். எடுப்பதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. வீம்புக்குப் பேசினார்.

"என் காதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? மூக்கைப் பிடிச்சு ஊதினா இடது காதுல விசில் அடிப்பேன். என் தங்கச்சி பசங்க கைதட்டுவாங்க."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. "அது விசில் இல்லை. ஓட்டை. எத்தனை நாளா?"

அவர் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு வருடம் என்றார், அப்புறம். ஓட்டை என்று அவருக்கே தெரியும். காது ஓட்டை என்றால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதே முங்கி. உன் காலைப் பிடிக்கிறேன்."

"காலை விடு, ஈரமா இருக்கு. நாளைக்குக் காலைல நீயா டாக்டர்கிட்ட போ. போகலைன்னா நான் மேனேஜர்கிட்ட போவேன்."

"துரோகி."

"ஆமா. அதுக்காக உன்னை மூணு மாடி ஆழத்துலேர்ந்து பிணமா தூக்கிட்டு வர என்னால முடியாது. நீ கனம்."

போனார். பெரிய ஓட்டைதான். அந்தக் காதில் வினிகரை விட்டிருந்தால் கூரையைப் பிடித்துத் தொங்கியிருப்பார் என்றார் டாக்டரம்மா. அதைவிட மோசம் தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே போனால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகும்; இரண்டு வருடமாக உயிரோடு இருப்பது அவருடைய கெட்டிக்காரத்தனத்தால் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

சின்ன அறுவை சிகிச்சை. ஆறு மாதம் பம்ப் அறையில் வேலை. வேலை போகவில்லை; கௌரவம்தான் போயிற்று. அந்தப் பக்கமாக அக்கா நடந்தாலே, மோட்டார் சத்தத்தையும் மீறி உள்ளிருந்து திட்டு வரும். "எத்தனை நாளைக்குத் திட்டுவான்? மூச்சு இருக்கிறவன்தானே திட்டுவான்" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். ஆனால் ஒரு முறை, யாரும் இல்லாதபோது, "நான் செஞ்சது சரிதானேடா?" என்று என்னைக் கேட்டாள். சரிதான் என்றேன். நம்பாதவள் போல இன்னொரு முறை கேட்டாள்.

இதற்கு நடுவில் அவளுக்கும் ஒரு முறை காது வீங்கியது. ஒரு கல்யாண மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பல்குத்தும் குச்சி ஒன்று கைக்கு எட்டியிருக்கிறது. "அஞ்சே நிமிஷம்தான்டா" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவளைப் போல.

ஏழாவது மாதம் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு நங்கூரம் திரும்பி வந்தார். முதல் இறக்கம் நன்றாக முடிந்தது. ஏறி வந்து காதைக் கழுவினார், துண்டால் ஒற்றினார், தனக்கென்று எழுதிக் கொடுத்த குப்பியை எடுத்தார். பெஞ்சில் அக்கா ஏற்கனவே ஒருக்களித்துக் கிடந்தாள். நன்றி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் காத்திருந்தேன்.

"தள்ளிப் படு" என்றார்.

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். "காலை அந்தப் பக்கம் வை. நாறுது."