சிவப்பு வைக்காத விமானம்

பரமேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன் கட்டுகஸ்தோட்டையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, "பிளேனெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. அக்காவை அறிந்த நீங்கள் இதைத் தப்பாக எடுக்க மாட்டீர்கள்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டிக்கு வந்து, நம் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை தட்டச்சாளராக இருந்தவர். வீட்டில் போர் விமானங்களின் சிறு மாதிரிகளைக் கட்டி வண்ணம் பூசுவார். நிஜ விமானத்தின் நீளத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. விமானியின் இடுப்புப் பட்டியைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் வெட்டி, ஊசி முனையால் அதில் துளையும் போடுவார். "பொம்பளைக்கு எதுக்குச் சண்டை பிளேன்? துணியில பூ தைக்கலாமே" என்று கேட்காத ஆள் அலுவலகத்தில் இல்லை. நானும் கேட்டேன்.

"பூவ நீ தை ஜெயா. எனக்கு இறக்கை போதும்" என்றார், தலையை நிமிர்த்தாமலேயே.

ஒருமுறை கண்டியில் கைவினைக் கண்காட்சி நடந்தது. முதலிடம் பெறுவதைக் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். தன்னைப் போல விமானம் கட்டுகிறவர்கள் அங்கே வருவார்கள் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தார். அதுவரை அப்படி ஒருவரைக்கூட அவர் நேரில் கண்டதில்லை. அதனால் அது பொல்லாத ஆசை. விமானத்தை ரயிலில் கொண்டுபோகப் பஞ்சு வைத்த பெட்டிகூடத் தயாராக இருந்தது.

அவர் வைத்தது, இரண்டாம் உலகப் போரில் இலங்கையிலிருந்து பறந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானம். நடுவராக வந்த பெரியவர் அதன் இறக்கையிலிருந்த பிரித்தானிய வட்டச் சின்னத்தைக் காட்டினார்.

"வட்டத்துக்கு நடுவில சிவப்பு வைக்க மறந்துட்டீங்க. பின்னேரத்துக்குள்ள வச்சிடுங்க, முதலிடம் உங்களுக்குத்தான்."

"மறக்கல சேர். ஜப்பான்காரன் பிளேன்ல சிவப்பு வட்டம். இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் பிளேன்லயும் சிவப்பைப் பார்த்தா ஜப்பான் பிளேன்னு நினைச்சு அவங்க சொந்த ஆளுங்களே சுட்டுடுவாங்கன்னு அந்தச் சிவப்பை எடுத்துட்டாங்க."

பெரியவர் விமானத்தின் பாகங்கள் வந்த பெட்டியைக் காட்டிச் சிரித்தார். அதிலிருந்த படத்தில் சிவப்பு இருந்தது.

"அது இங்கிலாந்துல பறந்தது" என்றார் அக்கா.

நான் கடைக்கு ஓடிப்போய் ஒரு சிறு டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி வந்தேன். "சின்ன வட்டம்தானேக்கா? வச்சிடுங்க. கொழும்புக்குப் போயிட்டு வந்து அழிச்சிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"அங்க வர்றவங்களுக்குத் தெரியும். அவங்கள முதல் தடவையா பார்க்கிறப்போ பொய்யோட போய் நிக்கச் சொல்றியா?"

மரத்தில் செதுக்கிய யானை ஒன்று கொழும்புக்குப் போனது. நாங்கள் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதார். அழுதுகொண்டே, "நான் சொன்னதுதான் சரி" என்றார்.

பெயிண்ட் டப்பாவைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. அலுமாரியில் விமானத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். "சிவப்பு எங்கன்னு எவனாவது கேட்டா இதைக் காட்டுவேன். பெயிண்ட் இல்லாம விடல, வேணும்னுதான் விட்டேன்" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் காட்டவும் செய்தார். கொழும்புக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. அந்த நடுவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம்; என்மேலும்தான்.

செத்த வீட்டுக்குப் போனபோது அண்ணன் அலுமாரி முன்னால் நின்றிருந்தார். கையில் அந்த டப்பா. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"பாவம் பரமேஸு. பெயிண்ட் வாங்கி வச்சும் இத முடிக்காமலே போயிட்டா. அந்தச் சிவப்ப நாமளே வச்சு முடிச்சிருவமா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிவப்பு எங்கே என்று அவர் அக்காவை ஒருநாளும் கேட்டதில்லை போலும்.

செத்த வீட்டில் சத்தம் போடக் கூடாதுதான். போட்டேன். "வைக்காதீங்கண்ணே! அது முடிஞ்ச பிளேன்!" கூடத்திலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஜப்பான்காரனில் தொடங்கி முழுவதையும் அங்கேயே சொல்லி முடித்தேன்.

விமானம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். டப்பா என்னிடம் இருக்கிறது, அக்கா ஜெயிக்கட்டும் என்று நான் ஓடிப்போய் வாங்கிய அதே டப்பா. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது. அக்கா அதைத் திறக்கவில்லை. நானும் திறக்க மாட்டேன்.