அத்தை சுருட்டிய சுருட்டு

எங்கள் வீட்டில் வேட்டி கட்டியவர்கள் எல்லோரும் சுருட்டுக் குடித்தார்கள். குடித்துவிட்டுப் போகட்டும். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களை நினைத்தால்தான் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியப்பாவுக்குச் சுருட்டு இல்லாவிட்டால் காலையில் வயிறு இளகாது. அப்பாவுக்கு வயலில் இறங்கினால் குளிர். சித்தப்பாவுக்கு யோசனை ஓட வேண்டும். அவர் அப்படி என்னத்தை யோசித்தார் என்பது அவர் போகிறவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

இதில் மரியாதை வேறு. பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால், மூன்று பிள்ளை பெற்ற அப்பா சுருட்டை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்வார். ஒருமுறை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்ததில் வேட்டி கருக ஆரம்பித்துவிட்டது. அப்படியும் அசையாமல் நின்று மழையைப் பற்றிப் பேசினார். பெரியப்பாவும் புகையைப் பார்த்தும் பாராதவராக மழையைப் பற்றியே பேசினார். அந்தப் பெரியப்பா, தன் மாமனார் வந்தால் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். ஆக, குடிப்பது தப்பில்லை, மூத்தவர் எதிரே குடிப்பதுதான் தப்பு. பெண்பிள்ளைகளைப் பார்த்து எவரும் சுருட்டை ஒளித்து நான் கண்டதில்லை.

அத்தனை சுருட்டையும் சுருட்டிக் கொடுத்தவள் அத்தை. பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திய புகையிலையை விரித்து, நடு நரம்பைக் கிழித்தெடுத்து, தூளை உள்ளே வைத்துப் பலகையில் உருட்டி, ஓரத்தில் சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டுவாள். உடையார்பாளையம் கடையில் விற்கிற சுருட்டெல்லாம் அதற்கு முன்னால் வெறும் வைக்கோல் என்று பெரியப்பாவே சொல்வார். அத்தையிடம் மட்டும் சொல்ல மாட்டார்.

கல்யாணமான புதிதில் அவள் புருஷனுக்காகக் கற்றுக்கொண்ட வேலை அது. மாமா சாயங்காலம் வயலிலிருந்து வரும்போது ஒரு சுருட்டு தயாராக இருக்க வேண்டுமாம். அப்புறம் அவர் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரங்கூனில் குண்டு விழுந்து, ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்து ஊர் திரும்பினார்கள். மாமா வரவில்லை. திரும்பி வந்து அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிய ஒருவர் அவரை வழியில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் பார்க்கவே இல்லை என்றார். சண்டையும் முடிந்துவிட்டது. நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. அதனால் அத்தை தாலியும் பொட்டும் பூவுமாகவே இருந்தாள். 

அத்தையும் ஒரு சுருட்டுக் குடிப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில், கொல்லையில் வைக்கோல்போருக்குப் பின்னால். குடித்தாள் என்பதுகூட அதிகம். பற்றவைக்க இரண்டு இழுப்பு இழுப்பாள், அவ்வளவுதான். அப்புறம் அது விரலிடுக்கில் தன்பாட்டுக்குப் புகைந்து தீரும், இவள் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பல்வலிக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். நான் ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

"அவருக்குச் சுருட்டறேன். வந்து குடிக்க ஆளக் காணும். வீணாக்கச் சொல்றியா?" என்றாள்.

இவ்வளவு கருமியா அத்தை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

அந்த வருஷம் அக்காவைப் பெண் பார்க்க அரும்பாவூரிலிருந்து வந்தார்கள். அம்மாவுக்கு நானும் தம்பியும் அடுத்தடுத்துப் பிறந்ததில், அக்காவை வளர்த்து ஆளாக்கியவள் அத்தைதான். கல்யாணத்தன்று அத்தைதான் தலை சீவிப் பூ வைக்க வேண்டும் என்று அக்கா அப்போதே சொல்லி வைத்திருந்தாள். அத்தையும் அதற்காகவே உயிரோடு இருப்பவள்போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வந்தவர்களுக்குப் பலகாரம் ஆனதும், வெற்றிலைத் தட்டோடு சுருட்டும் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடி, புகையை விட்டார். உடனே இரண்டாவதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எந்தக் கடைங்க?"

"வூட்டுல சுருட்டுனதுதாங்க," என்றார் பெரியப்பா.

"யாரு கைங்க அது? என்னா பதம்!"

"நம்ம பண்ணையாளு ஒருத்தன் இருக்கான்," என்றார் பெரியப்பா, கூசாமல். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர்கள் பொழுதோடு கிளம்பியிருந்தால் தொல்லையில்லை. நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிறோம் என்று விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவக் கொல்லைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பொம்பள சுருட்டுக் குடிக்கிற வூட்டுலயா பொண்ணு எடுக்கறது? நாள பின்ன நம்ம வூட்டுக்கு வர்றவளும் குடிப்பா."

"ஆமா, அசிங்கம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அத்தையின் மூன்றாவது சுருட்டு அப்போது அவர் வாயில் இருந்தது. அந்த வாயால்தான் சொன்னார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே குடத்தைச் செய்தவளுக்கே அந்த நியாயம்.

அக்கா உள்ளே அழ ஆரம்பித்தாள். பெரியப்பா அத்தையைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் குத்துவிளக்கைக் காட்டினார். இனிமேல் சுருட்டைத் தொடமாட்டேன் என்று அதைத் தொட்டுச் சொல்ல வேண்டுமாம். அப்பா உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவள் சுருட்டிக் கொடுத்ததை ஊதிய மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அவளுக்காகப் பேச வாய் வரவில்லை.

அத்தை அக்கா இருந்த அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு விளக்கைத் தொட்டாள்.

"இனிமே சுருட்டலண்ணே."

"குடிக்காதன்னுதான் சொல்றேன். எங்களுக்குச் சுருட்டறத யாரு வேணான்னா?" என்றார் பெரியப்பா. நெஞ்சழுத்தம் என்றால் இதுதான்.

"ரெண்டும் எனக்கு ஒன்னுதான்," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள்.

வந்தவர்கள் திருப்தியாகத் தட்டை மாற்றிக்கொண்டு, மிச்சமிருந்த சுருட்டையும் மடியில் கட்டிக்கொண்டு வண்டியேறினார்கள். மறுநாள் சாயங்காலம் அத்தை பலகையை எடுக்கவில்லை. முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் குளத்துக்குப் போனவள், நெற்றியில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தாள். தலையில் பூ இல்லை. கழுத்தும் வெறுமையாக இருந்தது. தாலியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா குதித்தார். கல்யாணம் நிச்சயமான வீட்டில் இப்படிப் பண்ணுவாளா, ஒரு சுருட்டுக்கு இவ்வளவு வீம்பா என்று கத்தினார். அக்கா அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனி அவள் எப்படி அக்காவுக்குப் பூ வைப்பாள்? கல்யாணத்தன்று மணையின் பக்கமே வரமுடியாதே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியப்பா மேல் பாதி, அத்தை மேல் பாதி. ஆசை ஆசையாகக் காத்திருந்துவிட்டு, தானே கெடுத்துக்கொண்டாளே என்று இருந்தது. அடுப்படிக்குப் போய், அவள் எதிரே நின்று கேட்டேன்.

"சுருட்டுத்தானே வேணான்னாங்க? பொட்ட அழிக்கச் சொல்லி யாரு சொன்னா?"

அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து அவருக்குச் சுருட்டி வைக்கலியேடி," என்றாள்.

நான் கேட்டது ஒன்று, இவள் சொல்வது ஒன்று. நேராகப் பதில் சொல்லக்கூட இவளுக்குத் தெரியவில்லையே என்று காலை உதைத்துக்கொண்டு, அவளோடு பேசாமல் விளையாடப் போய்விட்டேன்.