கார்த்திகையில் அளந்த ஓடை

கல்வராயன் மலையில் ஒரு சரிவை மக்களுக்கு மூடியதற்கு என் அறிக்கைதான் காரணம். அதில் எழுதியது சரியல்ல என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம். என் பழைய மாணவர் ஒருவர் மலையில் ஆய்வு செய்து, ஓடைக்கு மேலுள்ள சரிவில் ஆடு மேய்ப்பதையும் கடுக்காய் பொறுக்குவதையும் நிறுத்தினால் காடு தழைக்கும், கோடையிலும் ஓடை வற்றாது என்று சொல்லியிருந்தார். வனத்துறை அதிகாரிகள் சோதனையாக ஒரு சரிவை மூடினார்கள். ஆய்வினால் நிர்வாகம் மாறியதா, நீர் கூடியதா, மக்கள் பிழைப்பு என்ன ஆயிற்று என்று அளந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பக்கத்துச் சரிவையும் மூடலாமா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும். அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவனே நான். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கார்த்திகையில் போனேன். கார்த்திகையில் அந்த மலையில் ஓடாத ஓடை கிடையாது. கச்சிராயபாளையத்திலிருந்து வந்த ஜீப்பை ஓடைக்கரையில் நிறுத்தி அளந்துகொண்டிருந்தபோது, ஆடுகளோடு ஒரு பெண் வந்து நின்றார்.

“இன்னா அளக்குறீங்க?”

“தண்ணி கூடியிருக்கான்னு பாக்குறோம்மா.”

அவர் ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தார். “மழையில நனைஞ்சிக்கினு வந்து தண்ணி இருக்குதான்னு கேக்குறாரு பாரு. கல்யாணப் பந்தி நடக்குறப்ப வந்து, இந்த வூட்டுல தெனமும் வடை பாயசமான்னு கேட்டாப்ல. சித்திரையில வாங்கய்யா. ஓடைக்குள்ளயே குந்திக்கினு பேசலாம், வேட்டி நனையாது.”

ஓட்டுநர் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணின் முகமும் மாறிவிட்டது.

“அடுத்தது எங்க சரிவாமே. இதுங்கள எங்க ஓட்டிக்கினு போவேன்? வூட்ல கட்டி வெச்சி இன்னாத்த போடுவேன்?”

“நல்லபடியா எழுதறேம்மா,” என்றேன். யாருக்கு நல்லபடியாக என்று நான் சொல்லவில்லை.

கோடைவரை காத்திருந்து மறுபடி அளந்திருக்கலாம். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. என் மாணவரின் முடிவு, அதாவது என் முடிவு, பொய்த்துவிடுமோ என்று பயந்தேன். ஆய்வின் பலனாக நீர்வரத்து உயர்ந்திருக்கிறது, மக்கள் மனமுவந்து ஒத்துழைக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பக்கத்துச் சரிவும் மூடப்பட்டது.

சில வருஷங்கள் கழித்து, தடையை நீட்டிப்பதற்காக மலையில் ஒரு கூட்டம் போட்டார்கள். என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சித்திரை மாதம். வழியில் ஓடைக்கரையில் இறங்கிப் பார்த்தேன். வெறும் கல். மணலைத் தோண்டிய குழிகளில் கலங்கல் ஊறிக் கிடந்தது. இரண்டு சரிவுகளையும் மூடிய பிறகும் இந்த நிலை.

கூட்டத்தில் முன்வரிசையில் அதிகாரிகளும் என் மாணவரும். ஒரு பக்கம் இந்த ஓடை போய்ச் சேரும் அணைத்தண்ணீரை நம்பிக் கரும்பு போட்ட கீழ்நாட்டு விவசாயிகள். பின்னால் மலைக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் அந்தப் பெண். பேச எழுந்தேன். கார்த்திகையில் அளந்து கோடைக்கும் சேர்த்து எழுதினேன், தெரிந்தே எழுதினேன் என்றேன்.

ஒரு கரும்பு விவசாயி எழுந்தார். “இன்னா சார், அன்னிக்கி ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு? எத நம்புறது?”

“வயசாயிடுச்சில்ல, மலை ஏறுனதும் கிறுகிறுத்துடுச்சி,” என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

முன்வரிசையில் ஓர் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. “உங்க அறிக்கையக் காட்டித்தான் சார் வேற மலையிலயும் மூடியிருக்காங்க,” என்றார். ஓர் ஆய்வின் தாக்கத்தை அளக்கப் போனவன் நான். என் பொய்யின் தாக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என் மாணவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

நான் சொன்னதை எழுத்தாகவும் கொடுத்தேன். பல மாத இழுபறிக்குப் பிறகு, கோடையில் ஒழுங்காக அளக்கும்வரை பக்கத்துச் சரிவைத் திறந்துவிட்டார்கள். அதைச் சொல்ல அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆடுகளையெல்லாம் எப்போதோ விற்றுவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“தொறந்துட்டாங்களா? நல்லது. ஆடு வெச்சிருக்கவங்க ஓட்டிக்குவாங்க.”

“ரெண்டு குட்டி வாங்கித் தரேம்மா.”

“வேணாங்கய்யா. அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்களுக்கு வேற பதில் சொல்லணும்.” வாசலிலிருந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் திரும்பிப் பார்த்தார். “வேற மலையிலயும் மூடியிருக்காங்கன்னு அன்னிக்கி சொன்னாரே அந்த ஆபீசரு. அங்கல்லாம் போயி சொல்லிட்டீங்களா?”

சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவேயில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் இடமாக விசாரித்து, என் அறிக்கை பொய் என்று எழுதத் தொடங்கினேன். ஓர் இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: தங்கள் அறிக்கை மிகவும் பயனுள்ளதாக இருந்தது, நன்றி என்று.