இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பதினொரு நிமிடம்

கசெற்றில் வெறும் நாடா விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த, கசெற்றில் பாட்டுப் பதிந்து விற்கும் ரெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், பதிந்த கசெற்றைக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம் வெறுமையாகப் போனாலும், "என்ன பிள்ளை, மிச்சத்தை உங்கட வீட்டை கொண்டு போட்டியளோ?" என்று கேட்டுவிடுவார்கள். ஆகவே மிச்ச நாடாவுக்குப் பொருத்தமாக நாங்களே பாட்டுத் தேடிப் போடுவோம். அந்தப் பொருத்தம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அகதிகளாக வந்து சேர்ந்த குளிர்நாட்டு நகரத்தின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் கடை போட்டபோதும் அதே சட்டம்தான். முன்பக்கத்து அரிசி, மிளகாய்த்தூள், படக் கசெற் எல்லாம் இவருடைய பொறுப்பு. இவர் என்றால் என் வீட்டுக்காரர். பின்பக்கத்தில் பாட்டுப் பதியும் மெஷின்களும் நானும். இவர் அதில் கை வைத்தால் கத்துவேன். கடைக்கு மேலேயே நாங்களும் பிள்ளைகளும் இருந்த வீடு.

ஒரு நவம்பர் பின்னேரம், கடைக்கு எதிரே, ஸ்ரீற்கார் என்கிற ட்ராம் வண்டித் தரிப்பில் ஒரு கறுப்பின இளைஞனை மூன்று வெள்ளைக்காரர் போட்டு அடித்தார்கள். மொட்டைத்தலை, முழங்கால்வரை சப்பாத்து. அந்த நாட்களில் இந்த நிறவெறிக் கும்பல்கள் எங்கள் ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. இவருடைய முகத்திலேயே ஒருமுறை சப்வே ரயிலில் துப்பினார்கள். அடி வாங்கியவனை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் மாம்பழச் சாறு வாங்கி, வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் போகிறவன். அவன் விழுந்த பிறகும் உதைத்தார்கள். மூவரில் ஒருவன் திரும்பி எங்கள் கடைக் கண்ணாடியைப் பார்த்தான். புருவத்தில் வெட்டுக்காயம் ஆறிய தழும்பு. அந்த முகம் எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

இவர் ஓடிவந்து லைற்றை அணைத்தார்.

"நீ ஒண்டும் காணேல்லை," என்றார்.

"அவன் எழும்புறானில்லை, இஞ்சேருங்கோ. போன் எடுப்பம்."

"பொலிஸ் வரும், பேர் கேக்கும், கோட்டுக்கு வா எண்டும். எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. விசர் வேலை பாக்காதை."

எங்கள் அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். கண்டதைச் சொன்னவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் ஊரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். போனுக்கும் எனக்கும் நாலடி தூரம். நான் எடுக்கவில்லை. பிறகு யாரோ எடுத்திருக்க வேண்டும், அம்புலன்ஸ் வந்தது.

பெப்ரவரியில், அடி வாங்கியவனுடைய சிநேகிதன் கடைக்கு வந்தான். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் தாயோடு இருந்தவன், என்னை 'மிஸ்' என்று கூப்பிடுவான். அவன் பேசியது ஆங்கிலம், எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதுகிறேன். அடி வாங்கியவனும் அவனும் சேர்ந்து ராப் பாடுகிறவர்களாம். இப்போது இவன் தனியாக ஒரு அல்பம் செய்திருக்கிறான். நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்கிறவர்களை, வேலை இல்லை என்கிறவர்களை, பேசாமல் இருக்கும் அரசியல்வாதிகளை எல்லாம் அதில் கிழித்திருக்கிறானாம். இரண்டு இடங்களில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பிரதி எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுபது பிரதி வேண்டும் என்றான்.

இவர் முன்பக்கத்திலிருந்து தமிழில், வேண்டாம் என்றார். அவனைக் குறிக்க, அப்போது எங்கள் சனத்தின் வாயில் சாதாரணமாகப் புழங்கிய கேவலமான சொல் ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அந்த நாளில் நானும் சொன்ன சொல்தான் அது.

நான் கசெற்றை வாங்கினேன். ஒவ்வொரு பிரதியோடும் வைப்பதற்கு அவன் தந்த தாளில், 'நீங்கள் பார்த்தீர்களா?' என்று எழுதி, ஒரு லோயருடைய நம்பர் போட்டிருந்தது. மூன்று பேரைப் பிடித்துவிட்டார்களாம். ஆனால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. அடி வாங்கியவனுக்கு இன்னும் நடக்க முடியவில்லை, அடித்தவர்களின் முகமும் நினைவில்லை. சாட்சி வராவிட்டால் விட்டுவிடுவார்கள். கசெற்றைக் கேட்டு ஒருவராவது வரமாட்டாரா என்று, கண்டவளுக்கு முன்னாலேயே நின்று சொல்கிறான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரதியாவது எடுத்துக் கொடுத்தால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

நேரம் மிச்சம் பிடிக்கப் பிரதிகளை வேகமாக ஓடவிட்டுத்தான் பதிவோம், அப்போது எந்தப் பாட்டும் கீச்சுக்கீச்சென்றுதான் கேட்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்து பதினொரு நிமிடம் வெறும் நாடா கிடந்தது. பாவம், பெடியனுக்குப் பாட்டுப் போதவில்லை என்று நினைத்தேன். மூன்று சினிமாப் பாட்டுத் தேடினேன், அளந்தது மாதிரிப் பொருந்தின. கடைசியாக வந்தது மழையில் நனைந்துகொண்டு பாடும் காதல் டூயட். அறுபதிலும் அதையே போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் கசெற் பெட்டியோடு திரும்பி வந்தான்.

"மிஸ், இரண்டாம் பக்கத்தில் என்ன செய்தீர்கள்?"

எனக்குக் கொதி வந்துவிட்டது. வெறுமையாக விட்டதை நிரப்பித் தந்தேன், ஒரு நன்றி சொல்லத் தெரியாதா என்று என் உடைந்த ஆங்கிலத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு சொன்னான்.

அது வெறும் நாடா இல்லையாம். சிநேகிதன் விழுந்ததிலிருந்து அம்புலன்ஸ் வரும்வரை பதினொரு நிமிடம். தெருவில் ஆட்கள் நின்றார்கள், ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை. கேட்கிறவர்கள் அந்த நேரம் முழுவதையும் இருந்து அனுபவிக்கட்டும் என்றுதான் விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினானாம். முன்வரிசையில் சிநேகிதனின் தாய். எல்லோரும் தலை குனிந்தபோது எங்கள் சினிமாப் பாட்டு வந்திருக்கிறது. பின்னால் யாரோ சிரித்தார்களாம்.

கடவுளே, எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. திரும்பப் பதிந்து தருகிறேன் என்றேன். இந்த முறை முதல் பிரதியை அவன் அரிசி மூட்டை மேல் இருந்துகொண்டு கேட்க, சாதாரண வேகத்தில் ஓடவிட்டேன். அன்றைக்குத்தான் நானும் அதைக் கேட்டேன். பாதி விளங்கியது. வீடு தராதவர்களை ஏசினபோது மனதுக்குள் நல்லாக் குடுக்கிறான் என்றுகூட நினைத்தேன். நாலாவது பாட்டில் எங்கள் தெரு வந்தது. எதிரே இருக்கும் கறித்தூள் கடையில் லைற் அணைந்தது என்று வந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் பதினொரு நிமிடம் வந்தது. எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பாதியிலேயே வாய் திறந்துவிட்டேன்.

"நான் கண்டேன்," என்றேன்.

"தெரியும், மிஸ்."

"ஒருவனுடைய முகம் நல்லாத் தெரியும்."

அவன் கண் கலங்கியது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு லோயரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன், வருவீர்களா என்று கேட்டான். வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்று இவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "போறதெண்டாப் போ. பிள்ளையளை ஒருக்கா நினைச்சுப்போட்டுப் போ," என்று மட்டும் சொன்னார். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், அந்தக் கோபத்திலேயே போயிருப்பேன்.

காலையில் குளிர் அங்கி, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன். ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினான். "மிஸ்," என்று மெதுவாகக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கக்கூடாதென்று நினைத்திருப்பான். நான் எழும்பவில்லை. மத்தியானம்வரை அங்கியைக் கழற்றாமல் அப்படியே இருந்தேன்.

ஏப்ரலில் அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். கோடையில் எங்கள் அகதிக் கேஸ் சரிவந்தது. இவர் கடைக்கு வந்த எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் தூரத்தில் மோர்னிங்சைட் பக்கம் வீடு பார்த்துப் போனோம். அதுவரைக்கும் படியில் கண்ட ஒவ்வொரு நாளும் அவன் ஒதுங்கி வழிவிட்டு, "குட் மோர்னிங், மிஸ்," என்று சொன்னான். நானும் திருப்பிச் சொன்னேன்.